சண்டே பஜாரில் கிடைத்த ஏ-2 ஜாக்கெட்: அசலா? எண்ணெய் தடவலாமா?

அல்சூர்வாசி:
பெங்களூரு சிக்பேட் சண்டே பஜாரில் ஒரு பழுப்புத் தோல் ஜாக்கெட் விலைக்கு வந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க்கால அமெரிக்க விமானிகளின் ஏ-2 ஜாக்கெட் என்கிறார்கள். லேபிளில் ‘டிராயிங் நம்பர் 30-1415’ என்று இருக்கிறது. இடது தோளில் சி.பி.ஐ. (சீனா-பர்மா-இந்தியா போர்முனை) தோல் பேட்ச். காலரைத் தொட்டால் செந்நிறப் பொடி விரலில் ஒட்டுகிறது. வாங்கலாமா? தேங்காய் எண்ணெய் தடவினால் பொடி நிற்குமா?

தோல்பித்தன்:
எண்ணெய் வேண்டவே வேண்டாம் சார். அது ‘ரெட் ராட்’: மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், காற்றிலுள்ள கந்தகப் புகையால் அமிலமேறி நார்நாராக உதிர்வது. எண்ணெய் ஊற்றினால் தோல் கறுக்கும், பருத்தித் தையல் நூலும் இற்றுப்போகும். 100 மில்லி ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் 2 கிராம் க்ளூசெல்-ஜி (உதிரும் தோலைப் பிடித்து நிறுத்தும் செல்லுலோஸ் வகைப் பொருள்) தூளைத் தூவிக் கலக்கி, இரவு முழுக்க மூடி வையுங்கள். மறுநாள் மென்தூரிகையால் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. முதலில் காலரின் அடிப்பக்கத்தில் பார்த்துவிட்டு. பொடி அடங்கும், போன பலம் திரும்பாது. முதுகில் ஓவியம் இருந்தால் அதன்மேல் படவே கூடாது, பெயின்ட் கரைந்துவிடும்.

ராஜாஜிநகர் சேகர்:
லேபிளை வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்ல நகல்களில் அந்த எண் அப்படியே அச்சாகியிருக்கும். ஏ-2 1931-இல் வந்தது, 1943-இல் புது ஆர்டர்கள் நின்றன. முதுகு ஒரே துண்டுத் தோலா, கை நுழைக்கும் பக்கவாட்டுப் பாக்கெட் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிப்பில் டாலன், கிரவுன், கான்மார் என்ற அக்கால அமெரிக்க ஜிப் கம்பெனிப் பெயர் இருந்தால் நல்லது. ஜப்பானிய ஒய்.கே.கே. என்றால் நகலாக இருக்கலாம், பிற்பாடு மாற்றியதாகவும் இருக்கலாம். யூ.வி. டார்ச் அடித்தால் பாலியெஸ்டர் நூல் பளிச்சென்று ஒளிரும். மூலத் தையலில் அது வரக் கூடாது. 1988-இல் அமெரிக்க விமானப்படை திரும்பக் கொண்டுவந்த ஏ-2-வும் சந்தையில் சுற்றுகிறது, அதைப் போர்க்காலத்தது என்று தள்ளிவிடுவார்கள்.

அல்சூர்வாசி:
முதுகு ஒரே துண்டுதான், ஜிப் டாலன். பேட்ச்?

ராஜாஜிநகர் சேகர்:
சீனா-பர்மா-இந்தியா பேட்ச்களை அப்போது இந்தியாவிலேயே கையால் தைத்தார்கள். 1943 முதல் நம்ம பெங்களூரு ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்த இடம், அதனால் இங்கே கிடைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் பின்னாளில் ஒட்டுத்தையல் போடுவதும் சுலபம். விளிம்பை லேசாகத் தூக்கிப் பாருங்கள்: அடியிலுள்ள தோல் வெளுக்காமல் கருமையாக இருந்தால் பேட்ச் நெடுங்காலமாக அங்கேயே இருந்திருக்கிறது.

தோல்பித்தன்:
வாங்கினால் பாலிதீன் உறை போடாதீர்கள், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அகலமான பஞ்சு ஹேங்கர், பருத்தித் துணி உறை, ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி. பூச்சி முதலில் கம்பளி மணிக்கட்டுப் பட்டையைத்தான் அரிக்கும், மாதம் ஒருமுறை அதைப் புரட்டிப் பாருங்கள்.