தம்பியின் இங்கிலீஷ் கட்டுரை: சப்போஸ், அஸ்யூம், ப்ரிஸ்யூம் குழப்பம், உதவுங்கள்

ரோஸ்ஹில்காரி:
வணக்கம். தம்பி இங்கே மொரீஷியஸில் பள்ளி இறுதிப் பரீட்சையான எச்.எஸ்.சி. எழுதப்போகிறான். அதில் கட்டுரை எழுதும் ஜெனரல் பேப்பருக்குப் பழகிப் பார்க்க, நம் தீவில் அழிந்துபோன டோடோ பறவை இன்றும் உயிரோடு இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கட்டுரை எழுதினான். விஷயம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஊகமாகச் சொல்கிற இடத்திலெல்லாம் டியூஷன் சார் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஏன் என்று ஒரு வார்த்தைகூட எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். தெருவில் கிரியோல், டிவியில் பிரெஞ்சு, வீட்டில் எங்களோடு தமிழ், பரீட்சை மட்டும் இங்கிலீஷ், பையன் என்னதான் செய்வான். வட்டம் போட்ட வரிகள் இவை:

'ஈவென்ச்சுவலி த டோடோ குட் ஸ்விம்'
'சம் சயின்டிஸ்ட்ஸ் ப்ரிடெண்ட் தட் இட் வாஸ் நாட் ஃபேட்'
'சப்போஸட்லி த டச் செய்லர்ஸ் ஏட் இட்'

அப்புறம் சப்போஸ், அஸ்யூம், ப்ரிஸ்யூம் மூன்றுக்கும் அகராதியில் 'கருது' என்றே போட்டிருக்கிறது. எதை எங்கே போடுவது?

மோக்கா வாத்தியார்:
முதல் இரண்டும் பிரெஞ்சு செய்த வேலை. பிரெஞ்சில் 'எவான்த்யுஎல்மான்' என்றால் நடந்தாலும் நடக்கலாம் என்று பொருள். இங்கிலீஷில் 'ஈவென்ச்சுவலி' என்றால் கடைசியில் நடந்தேவிட்டது. ஆக தம்பி எழுதியதைப் படித்தால், டோடோ பாவம் ரொம்ப நாள் பாடுபட்டு ஒருவழியாக நீச்சல் கற்றுக்கொண்டது என்று வருகிறது. 'பெர்ஹாப்ஸ்' போடச் சொல்லுங்கள். அதே மாதிரி பிரெஞ்சு 'ப்ரெதாந்த்ர்' அடித்துச் சொல்வது, இங்கிலீஷ் 'ப்ரிடெண்ட்' பாசாங்கு செய்வது. அங்கே 'கிளெய்ம்' வர வேண்டும். 'அஸ்யூம்' எழுதும்போதும் உஷார், பிரெஞ்சில் 'அஸ்யுமே' என்றால் பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொள்வது.

மூன்றாவது வேறு கதை. 'சப்போஸட்லி' என்பது நாம் வினையின் கடைசியில் ஒட்டும் '-ஆம்' போல: சாப்பிட்டார்களாம், நான் நம்பவில்லை என்கிற தொனி. அது வேண்டாம், ஊகம்தான் சொல்ல வேண்டும் என்றால் 'ப்ரிஸ்யூமப்லி'. ஆனால் டச்சுக்காரர்கள் 1598இல் இங்கே வந்து இறங்கி, டோடோவைத் தின்று பார்த்து, 'குமட்டும் பறவை' என்று தங்கள் பாஷையில் பெயரும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தெரிந்த சங்கதிக்கு ஊகச் சொல்லே எதற்கு, அடித்துவிட்டு நேராக எழுதட்டும்.

சான்பியேர் அண்ணன்:
பக்கத்து ரியூனியன் தீவிலிருந்து எழுதுகிறேன். தங்கச்சி, அந்த மூன்றையும் அகராதியில் தேடாதே, தமிழில் நாம் எப்படிப் பேசுவோம் என்று பார். 'சப்போஸ்' வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் 'என்று வைத்துக்கொள்வோம்', அது உண்மையா பொய்யா என்ற பேச்சே இல்லை. 'அஸ்யூம்' ஆதாரம் கேட்காமல் உண்மை என்று எடுத்துக்கொண்டு மேலே போவது, அதனால்தான் 'நீயாக ஏன் அஸ்யூம் பண்ணினாய்' என்று திட்டு விழுகிறது. 'ப்ரிஸ்யூம்' செய்கிறவனிடம் ஓரளவு காரணம் இருக்கும், யாராவது மாறாக நிரூபிக்கும்வரை அதையே பிடித்துக்கொள்வான். குற்றம் நிரூபணமாகும்வரை நிரபராதி என்று கோர்ட் சொல்வதற்கு இதுதான் சொல்.

ரோஸ்ஹில்காரி:
நன்றி அண்ணா, வாத்தியாருக்கும். இன்னும் இரண்டு. 'ஸ்பெகுலேட்', 'ஹைப்பாதெஸிஸ்' இரண்டையும் அவன் ஒன்றாகவே போடுகிறான். அப்புறம் 'சப்போஸ் த டோடோ வாஸ் அலைவ்' சரியா, 'வேர்' போட வேண்டுமா?

மோக்கா வாத்தியார்:
பேச்சில் 'வாஸ்' ஓடிவிடும், பரீட்சைத் தாளில் 'வேர்' போடுவதே பாதுகாப்பு. அன்றே அழியாமல் தப்பியிருந்தால் என்று பழைய காலத்தைப் பேசினால் 'ஹேட் சர்வைவ்ட்', அடுத்த பாதியில் 'வுட் ஹேவ்'. பையன்கள் இரண்டு பக்கமும் 'வுட்' போடுவார்கள், அங்கேதான் மார்க் போகும்.

மற்றதற்கு டோடோவே உதாரணம். 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்கர், நம் தம்பாலகோக் மரத்தின் கொட்டை டோடோ வயிற்றுக்குள் போய் வந்தால்தான் முளைக்கும் என்று எழுதினார். வான்கோழிகளுக்கு அந்தக் கொட்டையைக் கொடுத்துச் சோதித்தும் பார்த்தார். பின்னால் வந்தவர்கள், டோடோ போன பிறகு முளைத்த மரங்களும் இருக்கின்றன, ஆமைகூட அந்த வேலையைச் செய்திருக்கலாம் என்று மறுத்தார்கள். சோதிக்கவும் மறுக்கவும் இடம் இருப்பதால் அது ஹைப்பாதெஸிஸ். டோடோ என்ன குரலில் கத்தியிருக்கும் என்று பேசினால் ஸ்பெகுலேஷன், எலும்பை வைத்துக்கொண்டு குரலைக் கண்டுபிடிக்க முடியாதே. ஆனால் அந்த எலும்பு, 1865இல் பிளேன் மாஞ்ஞான் பக்கம் மார் ஓ சோங்ஸ் சதுப்பில் கிடைத்தது, அதைப் பார்த்து உடம்பு எவ்வளவு பெரிது என்று சொன்னால் 'மஸ்ட் ஹேவ் பீன்' தைரியமாகப் போடலாம், அது 'இருந்திருக்க வேண்டும்'.

க்யூர்பிப் பையன்:
நானும் எச்.எஸ்.சி.தான். 'ஐ சப்போஸ் ஸோ' என்று சொன்னால் எங்கள் மிஸ் முறைக்கிறார், ஏன்?

சான்பியேர் அண்ணன்:
'சரி, இருக்கட்டும்' என்று வேண்டாவெறுப்பாகச் சொல்வது மாதிரி கேட்கும் தம்பி. 'ஐ திங்க் ஸோ' சொல். 'சப்போஸ்ட் டு' இதோடு சேர்த்தி இல்லை, அது 'செய்ய வேண்டியது': ஹோம்வொர்க்கை நேற்றே கொடுத்திருக்க வேண்டும் என்று மிஸ் சொல்வாரே, அது.