கரன்ட் பழத்துக்குத் தமிழில் என்ன எழுதலாம்?

வணக்கம் நண்பர்களே. பழைய ஆங்கிலச் சமையல் குறிப்புகள் சிலவற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில் கேக்குக்குக் கரன்ட் போடச் சொல்கிறது. இன்னொரு பக்கத்தில் ஆட்டுக்கறியோடு ரெட்கரன்ட் ஜெல்லி. இரண்டுக்கும் ‘திராட்சை’ என்றே எழுதிவிட்டேன். அது தவறு.

கேக்கில் போடுவது விதையில்லாத மிகச் சிறிய கருந்திராட்சையைக் காயவைத்தது. கிரேக்கத்தின் கொரிந்து நகரப் பெயரிலிருந்துதான் அந்தச் சொல்லே வந்தது. ‘கொரிந்து திராட்சை’ என்ற பழைய பிரெஞ்சுத் தொடரில் திராட்சை உதிர்ந்துபோய் ஊர்ப்பெயர் மட்டும் தங்கிவிட்டது. பைபிளில் பவுல் நிருபம் எழுதிய கொரிந்தியரின் அதே ஊர்!

ரெட்கரன்டும் பிளாக்கரன்டும் திராட்சை இனமே இல்லை. குளிர்நாட்டுப் புதர்களில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் புளிப்புப் பழங்கள். பார்வைக்கு உலர்ந்த கரன்ட் மாதிரி இருந்ததால் 16ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் இவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. மின்சாரக் கரண்ட் தனிக்கதை. ‘ஓடுதல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ஆங்கிலத்தில் எழுத்தும் ஓரிடத்தில் மாறும்.

சரி, என் கேள்வி இதுதான். முதலாவதைச் ‘சின்னக் கருப்பு உலர்திராட்சை’ எனலாமா? கிஸ்மிஸ் என்றால் பலருக்கும் வெளிர்நிறத் திராட்சைதான் நினைவுக்கு வரும். ரெட்கரன்டை அப்படியே விடுவதா, புதுப்பெயர் தருவதா? ஈழத்து நண்பர்களும் இங்கிலாந்தில் வாழ்பவர்களும் வீட்டில் எப்படிச் சொல்கிறீர்கள்? பேச்சுவழக்குச் சொல்லானாலும் தயங்காமல் எழுதுங்கள். சமைப்பவர் தவறான பழத்தை வாங்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.