வெளிர் தோலுக்கு செல்ஃப் டேனர்: பூசிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

வெயிலில் நின்றால் சிவந்து, எரிந்து, உரிந்து போகுமே தவிர பழுப்பேறவே ஏறாத தோல் எனக்கு. தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் வகைப்பாட்டில் முதல் வகை. இந்த மாதிரித் தோலுக்குக் கொஞ்சம் நிறம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் பாட்டிலில் இருந்து எடுப்பது, அதாவது வெயில் இல்லாமலே தோலைப் பழுப்பாக்கும் செல்ஃப் டேனரைப் பூசுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. புற ஊதா விளக்குகளுக்குள் படுத்து நிறம் ஏற்றும் டேனிங் படுக்கையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் எப்போதும் சொல்வது, 2009-இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் குழுவில் சேர்த்துவிட்டது, அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

சரி, எதை வாங்குவது? என் அனுபவத்தில் வெளிர் தோலில் காரியம் கெடுவது பெரும்பாலும் பிராண்டால் இல்லை, வீரியத்தால். கிட்டத்தட்ட எல்லா செல்ஃப் டேனரிலும் வேலை செய்வது டிஹெச்ஏ என்ற ஒரு சர்க்கரை, முழுப் பெயர் டைஹைட்ராக்ஸிஅசிட்டோன். அது தோலின் மேலடுக்கில் இருக்கும் இறந்த செல்களின் அமினோ அமிலங்களோடு சேர்ந்து பழுப்பாகிறது, அடுப்பில் ரொட்டியின் மேல்பக்கம் சிவக்கிறதே, அதே வகை வினை. அதனால் வரும் நிறம் இயல்பிலேயே மஞ்சள் சாய்ந்த பழுப்பு. தோலின் இயற்கை நிறமியான மெலனின் கொஞ்சம் உள்ள தோலில் அந்த மஞ்சள் கலந்து மறைந்துவிடும், நம் தோலில் மறைக்க அடியில் எதுவும் இல்லை, அளவு கூடினால் நேராக ஆரஞ்சுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இவற்றுக்கு உச்சவரம்பு 10 சதவீதம். வெளிர் தோலுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை என்பது என் கருத்து, 2 முதல் 4 சதவீதமே தாராளம்.

சிக்கல் என்னவென்றால் பாட்டிலில் பெரும்பாலும் சதவீதம் போடுவதில்லை. ‘ஃபேர்’, ‘லைட்’, ‘கிராஜுவல்’ (கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏற்றுவது) என்ற சொற்களைப் பார்க்க வேண்டும். அப்புறம் பின்பக்கம் உட்பொருள் பட்டியலில் டிஹெச்ஏ எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும், அதிகம் உள்ளது முதலில் வரும் வரிசை அது. தண்ணீருக்கு அடுத்ததாகவே நின்றால் நான் திரும்ப வைத்துவிடுவேன். எரித்ருலோஸ் என்று டிஹெச்ஏ போன்ற இன்னொரு சர்க்கரையும் சேர்ந்திருந்தால் எனக்குப் பிடிக்கும். அது மெதுவாக வேலை செய்யும், ஒன்றிரண்டு நாள்கூட ஆகும், தனியாகப் பெரிய நிறம் தராது, ஆனால் இரண்டும் சேர்ந்திருக்கும்போது மங்குவது திட்டுத்திட்டாக இல்லாமல் சீராக இருக்கிறது.

பச்சை அடித்தளம், ஊதா அடித்தளம் என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்களே, அது பெரும்பாலும் பூசும்போது எங்கே பட்டது என்று தெரிவதற்காகக் கலந்த வழிகாட்டி நிறம். முதல் குளியலில் பெரும்பகுதி போய்விடும். அதற்காக மண்டையைக் குழப்பிக்கொள்ளாமல், கழுவிய பிறகு மிஞ்சும் நிறத்தை வைத்துத்தான் ஒரு பொருளை எடைபோட வேண்டும். மேல்கையின் உட்புறத்தில் கொஞ்சம் பூசி, ஒரு முழு நாள் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பாத்ரூம் விளக்கில் எல்லா நிறமும் அழகாகத்தான் இருக்கும்.

எத்தனை படி இருண்டால் இயற்கையாக இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: புருவம், இமை, உதடு இவை மாறப்போவதில்லை, அதே வெளிர் நிறத்தில்தான் இருக்கும். தோல் மட்டும் இரண்டு படிக்கு மேல் போனால் முகத்தில் எதுவும் ஒன்றோடொன்று ஒட்டாது. நான் தினமும் பூசும் கிராஜுவல் லோஷனில் ஆரம்பித்து, போதும் என்று தோன்றுவதற்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்திவிடுவேன், நிறம் முழுதாக ஏற 24 மணி நேரம் வரை ஆகும் என்பதால் நிறுத்திய பிறகும் கொஞ்சம் கூடும். பிறகு வாரத்தில் இரண்டு மூன்று முறை பூசினால் அப்படியே நிற்கிறது.

* * *

அக்கா சொன்ன வீரியக் கணக்கை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நான் அழகு நிலையத்தில் வேலை பார்க்கிறேன், அடுத்தவர்களுக்குப் பூசிப் பூசிப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது, நல்ல பொருள் பாதிதான், மீதி முந்தின நாள் செய்யும் வேலையில் இருக்கிறது.

ஒரு பெண் அன்று காலையிலேயே கால்களை ஷேவ் செய்துவிட்டு வந்தார். வேண்டாம், நாளைக்கு வாருங்கள் என்றேன், மறுநாள் எங்கோ போக வேண்டும் என்று கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் முழங்காலுக்குக் கீழே ரோமக்கால் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. வெளிர் தோல் என்பதால் எட்ட நின்று பார்த்தாலே தெரிந்தது, பாவம், ரொம்ப வருத்தப்பட்டார். ஷேவோ வாக்ஸோ குறைந்தது ஒரு நாள் முன்னால் முடித்துவிடுங்கள். ஸ்க்ரப்பும் அப்படித்தான், எண்ணெய் இல்லாத ஸ்க்ரப்பாக இருக்கட்டும். தோலில் எண்ணெய்ப் படலம் இருக்கும் இடத்தில் நிறம் பிடிக்காமல் கோடு கோடாக வரும். பார் சோப்புக்குக் காரத்தன்மை உண்டு, அதன் மிச்சம் தோலில் இருந்தாலும் நிறம் ஒழுங்காக வராது, பூசுவதற்கு முன் நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். டியோடரண்ட், சென்ட் எதுவும் அன்றைக்கு வேண்டாம்.

அடுத்தது மூட்டுகள். முட்டி, முழங்கை, கணுக்கால், மணிக்கட்டு, விரல் மூட்டு, குதிகாலின் ஓரம், இங்கெல்லாம் தோல் தடிப்பு, வறட்சி வேறு. தடித்த தோல் அதிகம் உறிஞ்சி அதிகம் இருளும். யாராவது செல்ஃப் டேனர் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிவது கன்னத்தைப் பார்த்து அல்ல, கணுக்காலையும் விரல் இடுக்கையும் பார்த்துத்தான். அந்த இடங்களில் மட்டும் மெல்லிசாக மாய்ஸ்சரைசர் தடவி அது உள்ளே போன பிறகு ஆரம்பிப்பேன். தலைமுடி தொடங்கும் ஓரத்திலும் புருவத்தின் மேலும் ஒரு தொடு, பொன்னிற முடி உள்ளவர்களுக்குக் கட்டாயம், இல்லாவிட்டால் அந்த முடியும் நிறம் வாங்கிக்கொள்ளும்.

கீழிருந்து மேலாகப் பூசுவேன், காலை முடித்துவிட்டு உடம்புக்கு வந்தால் குனியும்போது வயிற்றில் மடிப்புக்கோடு விழாது. வெறுங்கையில் பூசாதீர்கள், மிட் என்ற கையுறை கட்டாயம். முதலில் சதைப்பகுதியில் வட்டமாகத் தேய்த்து, மூட்டுக்கு வரும்போது புதிதாக எடுக்காமல் கையுறையில் மிஞ்சியிருப்பதை மட்டும் இழுத்துவிடுங்கள். கழுத்தின் பின்பக்கத்தையும் காது மடலையும் நிறையப் பேர் மறக்கிறார்கள். கை எல்லாவற்றுக்கும் கடைசி: விரலை நகம் உள்நோக்கி மடக்கிக்கொண்டு மேல்புறத்தில் லேசாகத் துடைப்பது போல, உடனே உள்ளங்கையையும் நகத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, தளர்வான கருநிற உடை. ஆறேழு மணி நேரம் தண்ணீரும் வியர்வையும் படாமல் இருந்தால் நல்லது, சீக்கிரம் கழுவும் எக்ஸ்பிரஸ் வகைக்கு அட்டையில் போட்டிருக்கும் நேரம். ஒரு விஷயம், பருத்தித் துணியில் பட்டால் துவைத்தால் போய்விடும், பட்டும் கம்பளியும் புரத நூல்கள், தோலில் நடக்கும் அதே வினை அங்கேயும் நடக்கும், அந்தக் கறை வரும் என்று நினைத்து ஒதுக்கிவையுங்கள்.

* * *

நான் எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன், என் காரணம் வேறு. எனக்கு இரண்டு கையிலும் வெண்புள்ளி. தோல் மருத்துவர்தான் டிஹெச்ஏ பற்றிச் சொன்னார், நிறம் போன இடத்தை மறைக்க இதைப் பயன்படுத்துவது உண்டாம். மேக்கப் போல கழுவினால் போகாது, சட்டைக் கையில் ஒட்டாது என்பதுதான் எனக்கு முக்கியம்.

நீங்கள் முழு உடம்புக்கும் சொல்லும் முறை எனக்குப் பயன்படாது. சுற்றியுள்ள தோலில் பட்டால் அதுவும் கூட இருண்டு எல்லை இன்னும் பளிச்சென்று தெரியும். மெல்லிய ஓவியத் தூரிகை, அல்லது காது குடையும் பஞ்சுக்குச்சி, புள்ளியின் ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளேயே நிறுத்த வேண்டும், தானாக ஓரம் வரை பரவும். வீரியம் குறைந்ததை எடுத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடுக்கடுக்காக ஏற்றினால் பக்கத்துத் தோலின் நிறத்துக்குக் கிட்டே கொண்டுவரலாம். ஒரே நாளில் பொருத்த நினைத்தால் வராது. உடம்பில் ஐந்து முதல் ஏழு நாள் நிற்கும் என்கிறார்கள், கையில் அதெல்லாம் இல்லை, அடிக்கடி கழுவுவதால் அதில் பாதி நாட்களிலேயே மங்க ஆரம்பிக்கும்.

இது சிகிச்சை இல்லை, அந்த இடத்தில் மெலனின் திரும்ப வந்துவிடாது. அதனால் பழுப்பாகத் தெரிந்தாலும் வெயிலைத் தாங்காது, சன்ஸ்கிரீன் எப்போதும் போலப் போட வேண்டும். வெண்புள்ளிக்குப் புற ஊதாக் கதிரால் ஒளி சிகிச்சை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் பூச வேண்டாம், இந்த நிறம் அந்தக் கதிரைக் கொஞ்சம் தடுக்கும். நான் எல்லா நாளும் பூசுவதில்லை. புதியவர்களைப் பார்க்கப் போகும் வாரங்களில் பூசுகிறேன், கை குலுக்கும்போது பேச்சு என் கையைப் பற்றி இல்லாமல் வந்த வேலையைப் பற்றி இருக்கிறது, எனக்கு அது பெரிய விஷயம்.

* * *

மேலே எழுதிய அண்ணாவுக்கு ஒரு செய்தி. இது கண்டுபிடிக்கப்பட்டதே மருத்துவமனை ஆராய்ச்சியில்தான். 1950களில் ஈவா விட்கென்ஸ்டீன் என்பவர் அமெரிக்காவின் சின்சினாட்டியில், உடலில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும் நோய் உள்ள குழந்தைகளுக்கு டிஹெச்ஏவை வாய்வழியாகக் கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். சிந்தியது தோலில் பட்ட இடமெல்லாம் பழுப்பானதைக் கவனித்துத் தன் தோலிலேயே பூசிப் பார்த்தார். நீங்கள் அதை மருத்துவர் சொல்லிப் பயன்படுத்துகிறீர்கள் என்று படித்ததும் எனக்கு மனசு நிறைந்தது.

நான் சொல்ல வந்தது முகத்தைப் பற்றி. பருவுக்கோ சுருக்கத்துக்கோ ரெட்டினாலோ ஆசிட் டோனரோ பென்சாயில் பெராக்சைடோ போடுபவர்களுக்கு முகத்தில் நிறம் நிற்காது, மூக்கோரமும் தாடையும் முதலில் வெளுக்கும். என் தங்கைக்கு அப்படித்தான், பூசுவதற்கு இரண்டு நாள் முன்பே அவற்றை நிறுத்தச் சொன்ன பிறகுதான் சமமாக வந்தது. முகத்துக்குத் தனியாக, மாய்ஸ்சரைசரில் இரண்டு மூன்று சொட்டு கலக்கும் வகை எளிது. மரு, மச்சம், வெயில் புள்ளி கொஞ்சம் கூடுதலாக இருளும், வேண்டாம் என்றால் அதன் மேல் துளி வாசலின்.

அவளுக்கு எக்ஸிமா என்ற தோல் அழற்சியும் உண்டு. வாசனை சேர்த்த ஒரு மூஸ் (நுரை வடிவ டேனர்) அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அரிப்பு வந்தது. இந்த மாதிரித் தோல் உள்ளவர்கள் வாசனை இல்லாததாகப் பார்த்து, சின்ன இடத்தில் போட்டு ஒரு நாள் காத்திருந்துதான் மேலே போக வேண்டும், வெடிப்பு, புண் இருக்கும் நாளில் கூடவே கூடாது.

டேனரை உடம்பில் ஸ்ப்ரேயாக அடித்துவிடும் கூடத்துக்குப் போகிறவர்கள் மூக்கு, வாய், கண், உதடு எல்லாவற்றையும் மூடிக்கொள்ளுங்கள். டிஹெச்ஏ வெளித்தோலில் பூசுவதற்கு அனுமதிக்கப்பட்ட பொருள், மூச்சில் இழுப்பதற்கு அல்ல, அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ இதைத் தெளிவாகவே சொல்கிறது. நிறம் தரும் மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். அதில் இருக்கும் கேந்தாஸாந்தின் என்ற நிறமி கண்ணின் விழித்திரையில் படிகமாகப் படியும்.

* * *

முதலில் எழுதியவள்தான். நிறம் அதிகமாகிவிட்டால் எப்படி எடுப்பது என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். நிறம் இருப்பது செத்த செல்களில், அவை உதிர்ந்தால்தான் போகும், ஒரே இரவில் எடுக்க வழி இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறி, பேபி ஆயில் தடவி அரை மணி விட்டு, மெல்லிய துணியால் மெதுவாகத் தேயுங்கள், மறுநாளும் அப்படியே. லாக்டிக் ஆசிட் லோஷன் இருந்தால் அதுவும் உதவும். எலுமிச்சையும் பேக்கிங் சோடாவும் வைத்து அரக்கித் தேய்ப்பதை நான் சொல்லவே மாட்டேன், வெளிர் தோல் சிவந்து எரிவதுதான் மிச்சம், பழுப்பும் சிவப்பும் சேர்ந்து இன்னும் மோசமாகத் தெரியும்.

பூசிய முதல் நாள் வெயிலில் நிற்காதீர்கள், அந்த நேரத்தில் தோலில் வெயிலால் வரும் பாதிப்பு கூடலாம். செல்ஃப் டேனர் தரும் பாதுகாப்பு பெயருக்குத்தான், எஸ்பிஎஃப் என்ற வெயில் காப்பு அளவில் மூன்றோ நாலோ, அதுவும் சில மணி நேரம். பாட்டில் பழசாகி வாசனை மாறி நீர்த்துப்போயிருந்தால் தூக்கிப் போடுங்கள், டிஹெச்ஏ சூட்டிலும் நாள்பட்டும் சிதையும், அதில் வரும் நிறத்தை நம்ப முடியாது. அப்புறம் தினமும் மாய்ஸ்சரைசர், காய்ந்த தோல் திட்டுத்திட்டாக உதிரும். பழைய நிறத்தின் மேலேயே புதிது ஏற்றிக்கொண்டே போகாமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் போகவிட்டு, ஸ்க்ரப் செய்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பியுங்கள், குறிப்பாகக் கணுக்காலில்.