புது டிஸ்க் மாட்டினதும் பழைய சிஸ்டம் படுத்த கதை இருந்தா சொல்லுங்க

நானே ஆரம்பிக்கறேன். வீட்ல டெபியன் (லினக்ஸ்ல ஒரு வகை) மெஷின்ல இடம் பத்தலைன்னு 4 டிபி டிஸ்க் ஒண்ணு வாங்கி மதர்போர்டுல டிஸ்க் கேபிள் மாட்டற சாட்டா போர்ட் ஒண்ணு காலியா இருந்துச்சு, அதுல சொருகி ஆன் பண்ணா, ஒன்றரை நிமிஷம் எதுக்கோ காத்துக்கிட்டே நின்னுச்சு, அப்புறம் எமர்ஜென்சி மோடுன்னு கறுப்பு ஸ்க்ரீன். டெட் பீஸைக் குடுத்துட்டான்னு கடைக்காரரைத் திட்டிக்கிட்டே கழட்டினா ஜம்முனு ஓடுது. அரை நாள் போச்சு. கடைசில பார்த்தா தப்பு என்னோடது, பூட் ஆகறப்ப எந்தெந்த டிஸ்க்கைச் சேர்க்கணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல போட்டோ இருக்கற டிஸ்க்கை எஸ்டிபி1ன்னு (எஸ்டிபிங்கற டிஸ்க்கோட முதல் பார்ட்டிஷன், அதாவது முதல் பகுதி) கையால எழுதி வச்சிருக்கேன், புதுசு உள்ள வந்ததும் அதுதான் எஸ்டிபி, பழசு எஸ்டிசிக்கு நகர்ந்துடுச்சு. புதுசுல பார்ட்டிஷனே போடல, எஸ்டிபி1 எங்கேர்ந்து வரும்? அந்தப் பேரெல்லாம் ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி, இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு. பிஎல்கேஐடி கமாண்ட் அடிச்சு, போர்ட் மாறினாலும் மாறாத அடையாள நம்பரான யூயூஐடி எடுத்து எழுதினேன், பக்கத்துல நோஃபெயில்னும் சேர்த்தேன், இனிமே அந்த டிஸ்க்கே இல்லாட்டியும் சிஸ்டம் எந்திரிச்சிடும்.

---

எனக்கு நேர் உல்டா ப்ரோ, மாட்டறப்ப ஒண்ணும் ஆகல, கழட்டறப்ப தான் ஆப்பு. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள இருக்கறப்பவே புது எஸ்எஸ்டில விண்டோஸ் 10 போட்டேன், அது சத்தமில்லாம பூட் ஃபைலை மட்டும் பழைய டிஸ்க்ல இருந்த 100 எம்பி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்லயே (பூட் ஃபைலுக்குன்னே ஒதுக்கற பகுதி) வச்சிருக்கு. ஒரு வருஷம் கழிச்சு பழசைத் தூக்கிட்டு பெரிய டிஸ்க் மாட்டினா பூட் டிவைஸே இல்லங்குது. இன்ஸ்டால் பென்டிரைவ்ல போய், டிஸ்க்பார்ட் கமாண்ட்ல சி டிரைவைக் கொஞ்சம் சுருக்கி, குட்டியா ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டு, அதுல பூட் ஃபைலை எழுதற பிசிடிபூட் கமாண்ட் அடிச்சப்புறம் தான் உயிர் வந்துச்சு. இப்பல்லாம் ஓஎஸ் போடறதுன்னா மத்த டிஸ்க் கேபிளை எல்லாம் உருவிட்டுத்தான் உக்கார்றது.

---

எம்.2 எஸ்எஸ்டி (கேபிள் இல்லாம போர்டுலயே சொருகற கார்டு மாதிரி டிஸ்க்) மாட்டறவங்க மதர்போர்டு மேனுவலைப் படிச்சிடுங்க. என்னோடதுல அந்த ஸ்லாட்ல கார்டு ஏறினா சாட்டா 5, 6 ரெண்டும் ஆஃப். என் ஓஎஸ் டிஸ்க் கரெக்டா அஞ்சுல. செத்துப்போச்சுன்னு நெனச்சு பேக்கப் இல்லையேன்னு ராத்திரி தூங்கல 😭 கேபிளை ரெண்டாவது போர்ட்டுக்கு மாத்தினேன், அவ்ளோதான்.

---

தம்பிங்களா, நாங்க சாட்டாவுக்கு முந்தின ஐடிஇ கேபிள் காலம். ஒரே கேபிள்ல ரெண்டு டிஸ்க், எது மாஸ்டர் (முதல் டிஸ்க்), எது ரெண்டாவதுன்னு சொல்ற குட்டி ஜம்பர் ரெண்டுலயும் மாஸ்டர்ல. ஆன் பண்ணதும் வர்ற பயாஸ் ஸ்க்ரீன்ல ஒண்ணுமே தெரியாது. அந்த ஜம்பரைப் புடுங்க மூக்குத்தி திருகாணி கழட்டற மாதிரி நகம் வேணும்.

---

யூயூஐடி போட்டும் நான் ஏமாந்திருக்கேன் அண்ணே. பழைய டிஸ்க்கை டிடி கமாண்ட்ல அப்படியே எஸ்எஸ்டிக்கு காப்பி பண்ணி ரெண்டையும் மாட்டியே விட்டுட்டேன், காப்பின்னா யூயூஐடியும் அதேதானே. ஒரு வாரமா என்னடா ஸ்பீடே ஏறலன்னு புலம்பிட்டு எந்த டிஸ்க் எங்க இருக்குன்னு காட்டற எல்எஸ்பிஎல்கே கமாண்ட் அடிச்சுப் பார்த்தா ஓடிக்கிட்டு இருக்கறது பழைய டிஸ்க், எஸ்எஸ்டி சும்மா உக்காந்திருக்கு.