புதுப்பிப்பு: இரண்டு ஹோம்ப்ரூ குழப்பம் தீர்ந்தது

இன்டெல் சிப் மேக்கில் இருந்ததையெல்லாம் ஆப்பிளின் சொந்த சிப்பான எம்1 உள்ள மேக்குக்கு மாற்றிய பிறகு, ஹோம்ப்ரூவின் (மேக்கில் மென்பொருள்களை நிறுவித் தரும் கருவி, சுருக்கமாக ப்ரூ) ‘ப்ரூ அப்கிரேட்’ கட்டளை ஒழுங்காக முடிந்தும், கட்டளை தட்டும் டெர்மினல் ஜன்னலைப் புதிதாகத் திறந்தால் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பழைய பதிப்பையே காட்டுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். தப்பு என்னுடையதுதான்.

கிட் எங்கெங்கே இருக்கிறது என்று ‘விச் -ஏ கிட்’ கட்டளையால் கேட்டதும், பழைய ப்ரூவுடையது ஒன்றும் புதியதுடையது ஒன்றுமாக ஹோம்ப்ரூ கிட் இரண்டு வந்து நின்றன. இன்டெல் மேக்கில் ஹோம்ப்ரூ இருக்கும் கோப்புறை /யூஎஸ்ஆர்/லோக்கல். ஆப்பிள் சிப்பில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ. 2021-இல் வந்த ஹோம்ப்ரூ 3.0 பதிப்பிலிருந்தே இதுதான் ஏற்பாடு. புது ப்ரூவை நிறுவி முடிந்ததும் திரையில் சொன்ன ‘ப்ரூ ஷெல்என்வ்’ வரியை (புது ப்ரூ இருக்கும் இடத்தை டெர்மினலுக்குச் சொல்வது) அந்த ஒரு ஜன்னலில் மட்டும் ஓட்டிவிட்டு, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் ஸெட்ப்ரொஃபைல் கோப்பில் சேர்க்க மறந்திருக்கிறேன். அதனால் மற்ற ஜன்னல்களில் எல்லாம் பழைய ப்ரூவே ஆட்சி.

வரியைச் சேர்த்தேன். அப்புறம் பழைய ப்ரூவில் ‘பண்டில் டம்ப்’ கட்டளை கொடுத்து, நிறுவியவற்றின் பட்டியல் எடுத்தேன். நாமாகக் கேட்டு நிறுவியவை மட்டும்தான் அதில் வரும். அவற்றுக்குத் துணையாக வந்தவை வராது. பாதியை அடையாளமே தெரியவில்லை, பட்டியலிலிருந்து அழித்துவிட்டேன். மிச்சத்தைப் புது ப்ரூவில் ‘பண்டில் இன்ஸ்டால்’ மூலம் ஏற்றி, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பழைய ப்ரூவை நீக்கினேன்.

ஒரே சேதம்: பழைய ப்ரூவோடு இருந்த பைத்தான் நிரல்மொழியை நம்பியிருந்த விர்ச்சுவல் என்விரான்மென்ட்கள் (ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாக வைக்கும் பைத்தான் அமைப்புகள்) உடைந்தன. அவற்றை மட்டும் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.