போடிமெட்டு இறக்கத்துக்கு பிக் பிரேக் கிட் போடலாமா? ஒன்னரை லட்சம் கேக்குறாங்க

ஏலக்காட்டான்:
வணக்கம்ணே. நமக்கு ஊரு போடி, தோட்டம் பூப்பாறை பக்கம், அதனால மேலயும் கீழயுமா தான் பொழப்பு. வண்டி பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல், செகண்ட்ஸ்ல வாங்குனது, முன்னாடி டிஸ்க் பின்னாடி ட்ரம். ஆள் ஏத்திக்கிட்டு போடிமெட்டு மலை மேல இருந்து அடிவாரத்து முந்தல் வர்றதுக்குள்ள கடைசி வளைவுகள்ல பெடல் மெத்துன்னு ஆகிடுது, ரெண்டு மிதி மிதிச்சா தான் பிடிக்குது, கருகுன வாடை வேற, பின்னாடி உக்காந்திருக்க அம்மா என்னடா எரியுதுன்னு கேக்குறாங்க. எர்ணாகுளத்துல ஒரு கடையில பிக் பிரேக் கிட்டுன்னு நாலு பிஸ்டன் காலிபர் (பேட டிஸ்க்ல அமுக்குற பாகம்), 330 எம்எம் ரோட்டர் (பெரிய டிஸ்க்), ஸ்டீல் ஹோஸ் எல்லாம் சேத்து ஒன்னரை லட்சம், 17 இஞ்ச் வீல் தனிங்கிறாரு. நிக்கிற தூரம் பாதியா குறையுமாம். போடலாமா?

பழைய_பானெட் (கம்பம்):
தம்பி, பாதியா குறையும்னு சொன்னவர்ட்ட ஒன்னு கேளு. இப்ப இருக்க பிரேக்க ஓங்கி மிதிச்சா ஏபிஎஸ் (வீல் லாக் ஆகாம பாத்துக்கிற சிஸ்டம்) கால்ல துடிச்சு அடிக்குதா இல்லையா? அடிக்குதுன்னா வீல லாக் பண்ற பலம் கம்பெனி பிரேக்குக்கே இருக்கு, அதுக்கு மேல வண்டிய நிறுத்துறது டயரு தான். தேஞ்ச டயர வச்சுக்கிட்டு எவ்வளவு பெரிய காலிபர் போட்டாலும் ஏபிஎஸ் இன்னும் சீக்கிரமா அடிக்கும், அவ்வளவு தான்.

உன் பிரச்சனை சூடு. இதுல ரெண்டு வகை இருக்கு, பெடல் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலைன்னா பேடு காஞ்சு பிடிமானம் விட்டுருச்சு, பெடலே மெத்துன்னு உள்ள போச்சுன்னா பிரேக் ஆயில் கொதிச்சு ஆவி சேந்துருச்சு. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பிரேக் ஆயில் காத்துல இருக்க ஈரத்த இழுக்கும், இழுக்க இழுக்க கொதிநிலை இறங்கும். டாட்ங்கிறது பிரேக் ஆயிலோட தரம், டாட் 3 புதுசுல குறைஞ்சது 205 டிகிரி தாங்கனும், ஈரம் சேந்த பெறகு 140 தான் கணக்கு. டாட் 4ன்னா 230, 155. மூடிய தொறந்து பாரு, டீத்தண்ணி கலர்ல இருந்துச்சுன்னா அந்த ஆயிலோட காலம் முடிஞ்சுது.

கணக்குப்புள்ள:
அண்ணன் சொன்னதுக்கு ஒரு கணக்கு. ஆளோட சேத்து வண்டி 1200 கிலோ, இறக்கம் சுமாரா 1000 மீட்டர்னு வைங்க, ஒரு கோடியே 18 லட்சம் ஜூல் வருது. நூறுல போற அதே வண்டிய ஒருதடவை நிறுத்துனா 4.6 லட்சம் தான். ஆக மேல இருந்து கீழ வர்றது நூறுல இருந்து 25 தடவை நிறுத்துற மாதிரி, காத்து, டயர், இஞ்சின் எதுவும் பங்கு எடுக்கலைன்னா. பெரிய ரோட்டர் இந்த சூட்ட கொஞ்சம் அதிகமா தாங்கும், ஆனா கால வச்ச மேனிக்கே 17 வளைவும் இறங்குனா அதுவும் காயத்தான் செய்யும். தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு போற ஜீப்புல எதுலயாச்சும் செவப்பு காலிபர் பாத்திருக்கீங்களா? ஏறுன கியர்லயே இறங்குறாங்க, வண்டிய இஞ்சினே இழுத்துப் பிடிக்குது, பிரேக்குக்கு வேலை கம்மி. தம்பி நீங்க எந்த கியர்ல இறங்குறீங்கன்னு சொல்லவே இல்லையே.

கோவை_ட்ராக்மேன்:
பிரேக் கிட்டை ஒரேடியா கழுவி ஊத்தாதீங்கப்பா. செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்ல சுத்து மேல சுத்து போறப்ப ஆற நேரமே கிடையாது, அங்க இது நிஜமாவே வேலை செய்யும். ஆனா உங்க வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். முன்னாடி மட்டும் பெரிய பிஸ்டன் போட்டா மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதிச்சா ஆயில தள்ளுற பாகம்) அனுப்புற ஆயில் பத்தாம பெடல் ஆழமா போகும், பிரேக் பாரம் பூரா முன்னாடி விழுந்து பின் ட்ரம் சும்மா சுத்தும், தூரம் குறையுறதுக்கு பதிலா கூடுனாலும் கூடும். ரேஸ் பேடு சூடானா தான் கடிக்கும், மார்கழி காலையில பூப்பாறை குளிர்ல மொத மிதிக்கு ஒன்னும் நடக்காது. இன்னொன்னு யாரும் யோசிக்கிறதில்ல, உங்க 14 இஞ்ச் ஸ்டெப்னி அந்த காலிபருக்கு மேல ஏறவே ஏறாது, ராத்திரி காட்டுக்குள்ள பஞ்சர் ஆனா தெரியும். போலி காலிபரும் நெறையா சுத்துது.

குமுளி_டிரிப்ஸ்:
வீல் சைஸ மாத்திட்டு கேரளா பக்கம் போறதா இருந்தா எம்விடி (மோட்டார் வாகனத் துறை) செக்கிங்கயும் மனசுல வச்சுக்கோங்க, மாடிஃபிகேஷன்னா அங்க கொஞ்சம் கெடுபிடி தான். இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் கேட்டுட்டு செய்ங்க. அப்புறம் வாடை வருதுன்னு ஓரங்கட்டி டிஸ்க்ல தண்ணி மட்டும் ஊத்திராதீங்க, நெறையா பேரு அத தான் பண்றாங்க, கொதிக்கிற இரும்பு கோணிக்கும் இல்ல விரிசல் விடும்.

ஏலக்காட்டான்:
ஏபிஎஸ் அடிக்குதுண்ணே. மூடிய தொறந்தேன், டீத்தண்ணி இல்ல, டிகாஷன். முன்ன வச்சிருந்தவரு எப்ப மாத்துனாரோ. மூணாவதுல தான் இறங்குவேன், ரெண்டாவது போட்டா இஞ்சின் கத்துதேன்னு. டாட் 5 வாங்கவா, இன்னும் ஒசத்தியா?

பழைய_பானெட் (கம்பம்):
அய்யய்யோ டாட் 5 வேணாம், அது சிலிக்கான், இதுல சேரவே சேராது. மூடி மேலயே எது ஊத்தனும்னு போட்டிருக்கும், டாட் 3ன்னு இருந்தா டாட் 4 தாராளமா ஊத்தலாம். சீல் ஒடைக்காத டப்பாவா வாங்கு. நாலு வீல்லயும் பழச பூரா வெளிய எடுத்து புதுசு வர்ற வரைக்கும் ப்ளீட் பண்ணனும், அதாவது ஆயிலயும் காத்தயும் வெளிய தள்ளனும், சும்மா மேல இருக்கத உறிஞ்சிட்டு ஊத்துறவன்ட்ட குடுக்காத. பேடு மொகம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா மாத்திரு, ட்ரம்ம கழட்டி அட்ஜஸ்டர் (ஷூ தேய தேய இடைவெளிய சரி பண்றது) வேலை செய்யுதான்னும் பாக்க சொல்லு. இஞ்சின் கத்தட்டும், ஆர்பிஎம் முள்ளு செவப்புக்கு போகாத வரைக்கும் அதுக்கு ஒன்னும் ஆகாது. மொதல்ல தேனி ரோட்டுல ஓட்டி பாத்துட்டு அப்புறம் மெட்டு ஏறு.