வாடிக்கையாளரின் பட்டுப்புடவை கூரியரில் தொலைந்தால் யார் பொறுப்பு? பொட்டலக் காப்புறுதி பற்றி விளக்கம் தேவை

தையற்கடை, சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் சிறிய தையற்கடை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, இப்போது ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பெண்கள்தாம் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர். விடுமுறைக்கு வரும்போது புடவையையும் அளவையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் ரவிக்கை தைத்து, ஆரி வேலையை முடித்துக் கூரியரில் அனுப்பி வைப்பேன்.

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு காஞ்சிபுரப் பட்டுகளையும் மூன்று ரவிக்கைகளையும் ஜொகூர் பாருவுக்கு அனுப்பினேன். பொட்டலம் வரிசைப்படுத்தும் மையத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கூரியரின் கண்காணிப்புப் பதிவு காட்டியது. அதற்குப் பிறகு அதில் ஒரு வரிகூட ஏறவில்லை. பன்னிரண்டு நாள்கள் கழித்து, பொட்டலம் தொலைந்துவிட்டதாகவும் 200 வெள்ளி (ரிங்கிட்) இழப்பீடு தருவதாகவும் நிறுவனம் எழுதியது. அந்த உச்சவரம்பு ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்ததை அப்போதுதான் படித்தேன். புடவைகள் மட்டுமே 2,400 வெள்ளி. ஒரு ரவிக்கையின் இரு கைகளிலும் மயில்தோகை வைத்து ஜர்தோசி வேலை செய்ய எனக்குப் பதினொரு நாள்கள் பிடித்தன.

அந்த 200 வெள்ளியை வாங்கிக் கையெழுத்துப் போடலாமா? புடவை என்னுடையதன்று, அப்படியிருக்க, இனிமேல் அதற்கு என் பெயரில் காப்புறுதி எடுக்க முடியுமா? கூரியர் முகப்பிலேயே இரண்டு மூன்று வெள்ளி கூடுதலாகக் கட்டினால் பாதுகாப்பு உண்டு என்கிறார்கள். அது போதுமா?

ஓய்வு பெற்ற காப்புறுதி அலுவலர், ஈப்போ:

வணக்கம் சகோதரி. பதினொரு நாள் உழைப்பு ஒரு மையத்தின் மூலையில் மறைந்துபோனது மனத்தை வருத்துகிறது.

அவர்கள் அனுப்பியிருக்கும் படிவத்தில் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். தொகையைப் பகுதிக் கொடுப்பாக மட்டுமே ஏற்பதாகவும் மீதியைக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்றும் எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த முறை காப்புறுதி இருக்கும்போதும் இந்த எச்சரிக்கை தேவை. காப்புறுதி நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு, உங்கள் இடத்தில் நின்று கூரியர் நிறுவனத்திடம் அந்தத் தொகையை வசூலிக்கும் உரிமை அதற்கு உண்டு. நீங்கள் முன்னதாகவே தீர்வுப் படிவத்தில் கையெழுத்திட்டு அந்த வழியை அடைத்துவிட்டால், உங்கள் கோரிக்கையே நிராகரிக்கப்படலாம்.

முகப்பில் விற்கப்படும் பாதுகாப்பு இரண்டு வகையாக இருக்கலாம். ஒன்றில் கூரியர் நிறுவனம் தன் பொறுப்பின் உச்சவரம்பைத் தானே உயர்த்திக்கொள்கிறது. மற்றொன்றில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் பெற்ற காப்புறுதி நிறுவனம் ஒன்று பாலிசி வழங்குகிறது. கட்டணம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், தகராறு வரும்போது வேறுபாடு தெரியும். காப்புறுதி நிறுவனம் மறுத்தால், 2025 ஜனவரி 1 முதல் இயங்கிவரும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் செலவில்லாமல் முறையிடலாம். கூரியர் நிறுவனத்தின் சொந்த உறுதிமொழிக்கு அந்த வாசல் திறக்காது. ஆகவே பணம் கட்டுமுன், ‘இழப்பீட்டைத் தருவது யார்?’ என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

புடவை உங்களுடையதன்று என்பது தடையே இல்லை. பிறர் பொருளை வேலைக்காக வாங்கி வைத்திருப்பவருக்கு, அது தொலைந்தால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு இருப்பதால், அதன்மீது காப்புறுதி எடுக்கத்தக்க நலனும் உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் ‘சொந்தப் பொருள்’ என்று மட்டும் எழுதிவிட்டு வாடிக்கையாளர் புடவையை அனுப்பினால் சிக்கல் வரும். ‘பிறர் நம்பி ஒப்படைத்த பொருள்களும் உட்பட’ என்ற வரி பாலிசியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மதிப்பைக் குறைத்துக் காட்டிக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களைப் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். 2,800 வெள்ளிப் பொட்டலத்தை 1,000 வெள்ளிக்கு மட்டும் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில் ஒரு புடவை மட்டும் பாழாகி 1,400 வெள்ளி நட்டம் வந்தால், 1,000 வெள்ளி கிடைக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். முழு மதிப்பில் எந்தப் பங்குக்குக் காப்புறுதி எடுத்தீர்களோ, நட்டத்திலும் அந்தப் பங்கை மட்டுமே தரும் விகிதாசார விதியின்படி கிடைப்பது 500 வெள்ளிதான். எஞ்சிய பங்குக்கு நீங்களே உங்களுக்குக் காப்புறுதி கொடுத்தவராகக் கருதப்படுவீர்கள்.

எவையெல்லாம் அடங்கா என்பதையும் படித்துப் பாருங்கள். சரக்குக் காப்புறுதியில் உலகெங்கும் அடிப்படையாக இருப்பவை 1982இல் வகுக்கப்பட்டு 2009இல் திருத்தப்பட்ட இன்ஸ்டிடியூட் கார்கோ விதிகள். அவற்றுள் மிக விரிவான ‘ஏ’ பிரிவிலேயே, போதாத பொதிகட்டலால் வரும் சேதமும் தாமதத்தால் வரும் நட்டமும் விலக்கப்பட்டுள்ளன. உள்நாட்டுப் பொட்டலப் பாலிசிகளிலும் பெரும்பாலும் இவ்விரு விலக்குகளைக் காணலாம். முகூர்த்தம் முடிந்த மறுநாள் புடவை பத்திரமாக வந்து சேர்ந்தால், அந்தக் குடும்பத்துக்கு அது பேரிழப்பு. பாலிசியின் கண்ணில் இழப்பே இல்லை.

முன்னாள் கூரியர் கிளைப் பணியாளர், கோலகங்சார்:

மேலே ஐயா கூறியவற்றோடு நடைமுறை சார்ந்த சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். பொட்டலத்தை உங்கள் கண்முன்னே நிறுக்கச் சொல்லி, கிராம் கணக்கில் சரியான எடையை ரசீதில் ஏற்றச் சொல்லுங்கள். பரபரப்பான மாலை வேளையில் நிறுக்காமலே ‘2 கிலோ’ என்று பதிந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். முழுப் பொட்டலமும் தொலைவதைவிட, ஓரத்தைப் பிரித்து ஒரு பொருளை மட்டும் உருவிக்கொண்டு மீண்டும் ஒட்டிவிடும் திருட்டை நிரூபிப்பது கடினம். அதற்கு எடை வேறுபாட்டைவிட நல்ல சாட்சி இல்லை. வரிசைப்படுத்தும் மையத்திலும் எடை பதிவாகியிருந்தால், 1,940 கிராம் எந்த இடத்தில் 1,310 கிராம் ஆனது என்று கேட்டு வாங்கலாம்.

பிளாஸ்டிக் உறையில் பட்டுப்புடவையை அனுப்பாதீர்கள். புடவையை நீர்புகாத பையில் இட்டு, கெட்டியான அட்டைப்பெட்டியில் வைத்து, மூட்டுகள் எல்லாவற்றிலும் நாடா ஒட்டி, அந்த நாடாவின்மேல் உங்கள் கடை முத்திரையைக் குத்துங்கள். பிரித்து ஒட்டினால் முத்திரைக் கோடு ஒன்றோடொன்று பொருந்தாது. புடவையோடு நகை எதையும் வைக்க வேண்டாம். நகை, ரொக்கம் முதலியவற்றைப் பல நிறுவனங்கள் ஏற்பதே இல்லை. அறிவிக்காமல் உள்ளே வைத்தால் மொத்தக் கோரிக்கையும் ஆட்டம் காணும்.

வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், தைப்பிங்:

சகோதரி தலைப்பில் எழுப்பிய கேள்விக்கு, அதாவது தொலைந்த புடவைக்கு வாடிக்கையாளரிடம் நீங்கள் பொறுப்பா என்பதற்கு, முதலில் பதில் எழுதுகிறேன். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 104ஆம் பிரிவு, பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர், சராசரி விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காக்கும் அளவுக்கு அதைக் காக்க வேண்டும் என்கிறது. அந்தக் கல்யாணப் பெண் உங்கள்மீது பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் முறையீடு செய்ய முடியும். அங்கு 50,000 வெள்ளி வரை கோரலாம். நீங்கள் எவ்வளவு கவனமாக அனுப்பினீர்கள் என்பதற்கான சான்றுகளை இன்றே திரட்டி வையுங்கள்.

கூரியர் நிறுவனத்தைப் பொறுத்தவரை, முதலில் அவர்களிடம் எழுத்துவழிப் புகார் கொடுங்கள்; சரிப்படாவிட்டால் கூரியர் துறையைக் கண்காணிக்கும் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் போகலாம், அல்லது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை தாக்கல் செய்யலாம். 2018இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் ஒரு வங்கிக் கடன் வழக்கில், பொறுப்பை முற்றாக மறுக்கும் விதி அதே சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் உங்கள் ரசீதில் இருப்பது உச்சவரம்பு, முற்றான மறுப்பு அன்று. ஆகவே அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

சிங்கப்பூருக்கு விமானத்தில் போகும் பொட்டலங்களுக்கு 1999ஆம் ஆண்டு மொண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன்படி விமான நிறுவனத்தின் பொறுப்பு, 2024 டிசம்பர் 28 முதல், கிலோவுக்கு 26 எஸ்டிஆர். இந்த எஸ்டிஆர் அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. எடை குறைந்து விலை மிகுந்த பட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது. அதனால்தான் தனிக் காப்புறுதி தேவைப்படுகிறது. சேதம் இருந்தால் பெற்ற 14 நாள்களுக்குள் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். பாலம் கடந்து லாரியில் போகும் பொட்டலத்துக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது.

தையற்கடை, சுங்கை சிப்புட்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. படிவத்தில் ஐயா சொன்ன அதே சொற்கள் இருந்தன. கையெழுத்திடாமல் பதில் கடிதம் அனுப்பிவிட்டேன். கல்யாணப் பெண்ணின் தாயாரிடம் நானே தொலைபேசியில் பேசி, புடவைகள் வாங்கிய ரசீதின் படத்தைப் பெற்றுக்கொண்டேன். இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. புடவைக்கு ரசீது உண்டு. என் ஆரி வேலைக்கு என்ன ஆதாரம் காட்டுவது?

ஓய்வு பெற்ற காப்புறுதி அலுவலர், ஈப்போ:

வேலையை ஏற்கும் நாளிலேயே ஒரு சீட்டு எழுதுங்கள். புடவையின் நிறம், கரை, வாங்கிய விலை, ஆரி வேலைக்குப் பேசிய கூலி, முன்பணம் ஆகியவற்றைக் குறித்து, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ரவிக்கையை அந்தச் சீட்டோடு வைத்துப் படம் எடுங்கள். பொட்டலம் போவதற்கு முன்பே எழுதப்பட்ட கூலிக்கு மதிப்பு உண்டு. தொலைந்த பிறகு எழுதும் கூலியை எந்த மதிப்பீட்டாளரும் ஐயத்தோடுதான் பார்ப்பார்.

தையற்கடை, சுங்கை சிப்புட்:

சீட்டுப் புத்தகம் அச்சிடக் கொடுத்துவிட்டேன். அடுத்து சிரம்பானுக்கு ஒரு பொட்டலம் போகிறது. அதற்கு 1,650 வெள்ளி மதிப்புக் காட்டி, காப்புறுதி நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட சான்றிதழ் தரும் முகப்பிலேயே கட்டணம் கட்டப் போகிறேன்.